துப்பாக்கிக்கு ஹோம் டெலிவரி கிடையாது

அக்கா பையன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். டெக்ஸாஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸாஃப்ட்வேர் எழுதுகிறான். வழக்கமாக வந்தால் டாலர் ரேட், பனி, அங்கே தோசை மாவு பாக்கெட்டில் கிடைப்பது பற்றியெல்லாம் பேசுவான். இந்தத் தடவை பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, "மாமா, நான் துப்பாக்கிக் கடைக்குப் போயிருந்தேன்" என்றான்.

அக்கா கையில் காபி டம்ளர் ஆடியது.

"பயப்படாதேம்மா. நான் வாங்கலை. வாங்கவும் முடியாது."

நிஜம்தான். ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் அங்கே துப்பாக்கி வாங்கக்கூடாது என்பது சட்டம். விதிவிலக்குகளில் முக்கியமானது, வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருந்தால் வாங்கலாம் என்பது. நம் பையன் கொசுவையே எலெக்ட்ரிக் பேட்டால் அடித்துவிட்டு 'ஸாரி' சொல்கிறவன். அவனுக்கு மான் வேட்டை லைசென்ஸ் எதற்கு?

போனது ஆபீஸ் நண்பனுக்குத் துணையாக. நண்பன் உள்ளூர் வெள்ளைக்காரன், வயது இருபத்தெட்டு. பிஸ்டல் வாங்க ஆசை. ஒரு சனிக்கிழமை இருவரும் ஊருக்குள் ஒரு சின்னக் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பக்கம் முடி திருத்தகம், இன்னொரு பக்கம் டோனட் கடை, நடுவில் துப்பாக்கிக் கடை. கல்லாவில் ஒரு பெரியவர். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, காலியா என்று திறந்து பார்த்துவிட்டு, கையில் கொடுத்திருக்கிறார். இது கொஞ்சம் கனம், இது உன் கைக்குப் பெரிசு, இதில் உதை ஜாஸ்தி என்று ஜவுளிக் கடைக்காரர் மாதிரி பிரித்துப் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கம். நண்பன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். விலை 560 டாலர்.

"யோசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். உலகத்தின் எல்லா மொழியிலும் இந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

கார் கதவைச் சாத்துவதற்குள் போனில் அதே பிஸ்டல் 499 டாலருக்குக் கிடைத்துவிட்டது. ஷிப்பிங் இலவசம். பட்டனை அமுக்கினான். அப்போதுதான் அந்த வெப்சைட் ஒரு கேள்வி கேட்டது: 'உங்கள் ஊரில் எந்த லைசென்ஸ் பெற்ற கடைக்கு அனுப்பட்டும்?' பக்கத்தில் இருக்கிற கடைகளின் பட்டியலும் கொடுத்தது. அதில் முதலில் இருந்தது அந்தப் பெரியவர் கடை.

அடுத்த வாரம் அதே கடைக்கு, அதே கல்லாவுக்கு, பார்ஸலை வாங்கிக்கொள்ளப் போனார்கள். பெரியவர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, சீரியல் நம்பரைப் பார்த்து, பேரேட்டில் எழுதிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாராம்.

"இதன் அண்ணன் ஒருத்தன் என் பெட்டிக்குள் இருக்கிறானே, பார்த்த ஞாபகம் இருக்கிறதா?"

நண்பன் கூரையைப் பார்த்தானாம். நம் பையன் தரையைப் பார்த்தானாம்.

*

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தச் சங்கடம்தான். இண்டர்நெட்டில் புத்தகம் வாங்கினால் புத்தகக் கடைக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. செருப்பு வாங்கினால் செருப்புக் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போகலாம். அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கினால் மட்டும், எந்தக் கடைக்காரரைக் கழற்றிவிட்டீர்களோ அவர் மாதிரி ஒருவரிடமே போய் நின்றாக வேண்டும். காரணம், டல்லாஸ்.

1963 மார்ச் மாதம். டல்லாஸில் ஓர் ஆசாமி பத்திரிகையில் வந்த விளம்பரக் கூப்பனைக் கிழித்து, சிகாகோவில் இருந்த க்ளைன்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கடைக்கு அனுப்பினான். டெலஸ்கோப் வைத்த இத்தாலிய ரைஃபிள், 19 டாலர் 95 சென்ட். தபால் கூலி ஒன்றரை டாலர். ஏ. ஹிடெல் என்று பொய்ப் பெயர், விலாசத்துக்கு ஒரு தபால் பெட்டி எண். பார்ஸல் ஒழுங்காக வந்து சேர்ந்தது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. அசல் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். நவம்பர் 22-ம் தேதி ஜனாதிபதி கென்னடி அதே ஊரில் சுடப்பட்டு இறந்தார்.

இதற்கப்புறம் உடனே சட்டம் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஐந்து வருஷம் ஆயிற்று. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி இருவரும் சுடப்பட்ட பிறகுதான், அந்த அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்துப் போட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தனி மனிதனுக்குத் தபாலில் துப்பாக்கி அனுப்பக் கூடாது. லைசென்ஸ் உள்ள வியாபாரி இன்னொரு லைசென்ஸ் உள்ள வியாபாரிக்குத்தான் அனுப்பலாம். வாங்குகிறவன் அவரிடம் நேரில் வர வேண்டும்.

1968-ல் இண்டர்நெட் கிடையாது. தபால் கூப்பனுக்காகப் போட்ட வேலி, வெப்சைட்டுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

கடையில் நடப்பது இதுதான். 4473 என்று ஒரு ஃபாரம். அதில் கேள்விகள் ஸ்வாரஸ்யமானவை. 'நீ தலைமறைவுக் குற்றவாளியா?' 'போதைப் பொருள் உபயோகிப்பவனா?' 'துப்பாக்கி நிஜமாகவே உனக்குத்தானா, வேறு யாருக்காவது வாங்குகிறாயா?' எந்தத் தலைமறைவு ஆசாமி 'ஆமாம் சார்' என்று டிக் அடிப்பான் என்று கேட்காதீர்கள். பொய் சொன்னால் அது தனிக் குற்றம், அதற்குத் தனி ஜெயில். பிறகு கடைக்காரர் போனிலோ கம்ப்யூட்டரிலோ எஃப்.பி.ஐ.யைக் கேட்கிறார். 1998 நவம்பரிலிருந்து இந்த உடனடி விசாரணை நடக்கிறது. பெரும்பாலும் சில நிமிஷங்களில் 'கொடு' என்று பதில் வந்துவிடும். ஜாதகம் பார்க்கவே நம்மூரில் இதைவிட நேரமாகும். இங்கே முதலில் லைசென்ஸுக்கு அலைந்து, கிடைத்த பிறகுதான் துப்பாக்கி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இரண்டும் ஒரே மேஜையில் முடிகிறது.

இவ்வளவுக்கும் பெரியவர் வாங்கியது 'டிரான்ஸ்ஃபர் ஃபீஸ்' 30 டாலர்.

*

கணக்குப் போடுவோம். நண்பனுக்கு மிச்சம் 61 டாலர். அதில் 30 பெரியவருக்குப் போக, கையில் நின்றது முப்பத்தொரு டாலர். முக்கால் மணி நேர விளக்கம் இலவசம். பெரியவர் தன் பிஸ்டலையே விற்றிருந்தால் எழுபது, எண்பது டாலர் நின்றிருக்குமாம். அவரே சொன்னது. வாடகை, கரண்ட், திருட்டுக்கு எதிராக இன்ஷூரன்ஸ், இரும்புக் கம்பிக் கதவு எல்லாம் அதில்தான்.

"அப்படியென்றால் நஷ்டமில்லையே, விற்காமலே 30 டாலர் வருகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பையன் சிரித்தான்.

சினிமா தியேட்டர்காரருக்குப் பணம் டிக்கெட்டிலா, பாப்கார்னிலா? துப்பாக்கிக் கடைக்கும் அதே ரகசியம்தான். துப்பாக்கியில் லாபம் மெல்லிசு. இடுப்பில் மாட்டுகிற தோலுறை, துடைக்கிற எண்ணெய், டெலஸ்கோப், தோட்டா, இதில்தான் வியாபாரம். சட்டம் காப்பாற்றுவது துப்பாக்கியை மட்டும். தோலுறைக்கும் எண்ணெய்க்கும் வேலி கிடையாது. தோட்டாவைக்கூட 1986-ல் திருத்தம் செய்து வாங்குகிறவனுக்கே நேரடியாக அனுப்பலாம் என்று விட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியா முழித்துக்கொண்டு 2016-ல் மக்களிடம் ஓட்டெடுத்துத் தனியாகக் கடிவாளம் போட்டது. டெக்ஸாஸில் நெட்டில் ஆயிரம் தோட்டா ஆர்டர் செய்தால் வாசலில் வந்து இறங்கும், அரிசி மூட்டை மாதிரி. டிக்கெட் கவுண்டரை மட்டும் பெரியவரிடம் விட்டுவிட்டு, பாப்கார்ன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது இண்டர்நெட்.

வரியும் ஒரு சமாச்சாரம். கடையில் வாங்கினால் டல்லாஸில் நூற்றுக்கு எட்டே கால் விற்பனை வரி. வெளி மாநில வெப்சைட்டுகள் பல வருஷம் இந்த வரியை வசூலிக்காமலே விற்றன. 500 டாலர் பிஸ்டலில் நாற்பது டாலர் வித்தியாசம். 2018 ஜூனில்தான் தெற்கு டகோடா மாநிலம் போட்ட கேஸில் உச்ச நீதிமன்றம், ஊரில் கடையே இல்லாவிட்டாலும் மாநிலம் வரி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நாலு. சின்னக் கடைக்காரர்களுக்கு ஒரு மூச்சு கிடைத்தது. ஆனால் வரி வித்தியாசத்துக்காகப் பழகின விரல், வரி வந்த பிறகும் பழக்கத்தை விடவில்லை.

எல்லாப் பழியையும் இண்டர்நெட் தலையில் போடுவதும் நியாயமில்லை. 1990-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி வியாபார லைசென்ஸ் இரண்டரை லட்சத்துக்கும் மேல். பெட்ரோல் பங்குகளைவிட அதிகம் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு 30 டாலர் ஃபீஸ்தான் காரணம். சமையலறை மேஜையில் வைத்து விற்றவர்கள் எத்தனையோ பேர். 1993-ல் ஃபீஸை 200 டாலர் ஆக்கினார்கள். அடுத்த வருஷம் கைரேகை, போட்டோ, உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் நடத்துகிறேன் என்ற உத்தரவாதம் எல்லாம் கேட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை லட்சத்துக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. அப்போது நெட்டில் துப்பாக்கி விற்பனை தவழ ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான்.

கடையை மூடினால் என்ன ஆகும்? ஸ்டாக்கை விற்றுவிடலாம். பேரேட்டை மட்டும் விற்க முடியாது. யார் எந்தச் சீரியல் நம்பரை வாங்கினான் என்ற கணக்கெல்லாம் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள அரசாங்க மையத்துக்குப் போக வேண்டும். அங்கே மூடிய கடைகளின் காகிதங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. இதில் வேடிக்கை, அதைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் வைக்கலாம், ஆனால் பெயரைத் தட்டித் தேடுகிற மாதிரி வைக்கக்கூடாது. துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியல் அரசாங்கத்திடம் இருக்கக்கூடாது என்பது 1986 சட்டம். துப்பாக்கியை இரண்டு விநாடியில் தேடி வாங்கலாம். வாங்கினவனைத் தேட ஓர் ஆள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருப்ப வேண்டும்.

*

இங்கே ஒரு வாசகர் கையைத் தூக்குவது தெரிகிறது. 'சார், துப்பாக்கிக் கடை மூடினால் நல்லதுதானே? அதற்கு எதற்கு ஒப்பாரி?'

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடை குறைந்தால் துப்பாக்கி குறையும் என்பது கணக்குப்படி சரியில்லை. 1990-களில் லைசென்ஸ் பாதிக்கும் கீழே போனபோது துப்பாக்கிகள் பாதியாகவில்லை. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆராய்ச்சி அமைப்பு 2018-ல் போட்ட மதிப்பீட்டில், அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் 39 கோடித் துப்பாக்கிகள். ஜனத்தொகை அதைவிடக் குறைவு. கைக்குழந்தையையும் சேர்த்து, ஆளுக்கு ஒன்றுக்கு மேல். கொரோனா வருஷமான 2020-ல் எஃப்.பி.ஐ.க்கு வந்த விசாரணைகள் மட்டும் 3 கோடியே 97 லட்சத்துக்குப் பக்கம். எல்லாமே புதுத் துப்பாக்கி விற்பனை இல்லை, இருந்தாலும் கூட்டம் புரிகிறதல்லவா? கடை மூடினால் துப்பாக்கி வேறு கதவு வழியாக வரும். நடுவில் இருக்கிற மனுஷன்தான் குறைவான்.

அந்த மனுஷனால் என்ன பிரயோஜனம்?

2009-ல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் நடந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மூன்றும் சட்டப்படி விற்றவை. ஃபாரம் சரி, விசாரணை சரி, பில் சரி. கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. 'என் மேல் தப்பில்லை' என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வேறு சில துப்பாக்கிக்காரர்களும் தற்கொலைத் தடுப்பு நிபுணர்களும் அவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அதுவே பெரிய அதிசயம். அந்த ஊரில் இந்த இரண்டு கோஷ்டியும் சாதாரணமாக ஒரே அறையில் இருந்தால் நாற்காலி பறக்கும்.

அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். கடைக்காரர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம், சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர். வந்தவனுக்குத் துப்பாக்கி பற்றி எதுவும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை, அவசரம் மட்டும் தெரிகிறது, பேச்சில் வேலை போனது, விவாகரத்து என்று ஏதோ வருகிறது என்றால், கொஞ்சம் பேச்சுக் கொடு. சந்தேகம் வந்தால் விற்காதே. எஃப்.பி.ஐ. 'கொடு' என்று சொல்லிவிட்டாலும், 'நான் தர மாட்டேன்' என்று சொல்கிற உரிமை கடைக்காரருக்கு உண்டு. அந்த மாநிலத்தில் ஏறக்குறைய பாதிக் கடைகள் அந்தக் காகிதங்களில் ஏதாவது ஒன்றை வைத்தன. மற்ற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின.

அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் கொலை இல்லை, தற்கொலை. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரிவதில்லை. அந்த நினைப்பு பல பேருக்கு ஒரு ராத்திரியில், சில மணி நேரத்தில் வந்து போகிற புயல். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் குறுக்கே நின்று 'என்னப்பா விஷயம்?' என்று கேட்டால், புயல் கடந்துவிட வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டரில் எஃப்.பி.ஐ. பார்ப்பது பழைய குற்றத்தை. இன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன நடந்தது என்பது கல்லாவில் இருக்கிறவர் கண்ணுக்குத்தான், அதுவும் அதிர்ஷ்டமிருந்தால், தெரியும்.

நியூ ஹாம்ஷயரில் அந்த மூன்று பேரையும் கடையில் பார்த்துத்தான் விற்றார்கள், தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். கல்லா தவறும். ஆனால் தவறினதும் கற்றுக்கொண்டது. வெப்சைட்டுக்குக் கற்றுக்கொள்ள முகமே கிடைக்காது.

இப்போது 30 டாலர் கணக்குக்குத் திரும்ப வாருங்கள். முக்கால் மணி நேரம் பேசி விற்கிற கடைக்காரருக்கு வந்தவனைத் தெரியும். கை நடுக்கம் தெரியும், கேள்வி கேட்கிறானா என்பது தெரியும். பார்ஸலைப் பிரித்து, ஃபாரத்தை நீட்டி, ஐந்து நிமிஷத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவருக்கு என்ன தெரியும்? பேசுவதற்குத்தான் அவருக்குக் காசு வந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு, கூரியர் ஆபீஸ் குமாஸ்தா சம்பளத்துக்குக் காவல்காரன் வேலையும் பார்க்கச் சொல்கிறோம்.

இந்தக் கல்லாவையும் தாண்டிப் போகிற வழிகள் உண்டு. டெக்ஸாஸில் ஒரு தனி மனிதன் அதே மாநிலத்தில் இன்னொருவனுக்குப் பழைய துப்பாக்கியை விற்றால் ஃபாரமும் இல்லை, எஃப்.பி.ஐ.யும் இல்லை. நெட்டில் விளம்பரம், பார்க்கிங் லாட்டில் கைமாற்று. பாகம் பாகமாகப் பெட்டியில் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிற சீரியல் நம்பர் இல்லாத துப்பாக்கிகளும் வந்தன. 'இது துப்பாக்கி இல்லை, வெறும் சாமான்' என்று விற்றார்கள். 2022-ல் அரசாங்கம் இதற்கும் விதி போட, கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்று விதி செல்லும் என்றார்கள். ஆஸ்வால்ட் கூப்பனை அடைத்தால் வேறு எங்கோ ஓட்டை விழுகிறது.

*

"அப்புறம் என்னடா ஆச்சு?" என்றேன் பையனிடம்.

நண்பன் ஃபாரம் நிரப்பும்போது பெரியவர் சும்மா இருக்கவில்லையாம். எதற்கு வாங்குகிறாய், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, பூட்டி வைக்கப் பெட்டி இருக்கிறதா, தூங்குகிறாயா சரியாக என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். நண்பன் கடுப்பாகி, "எஃப்.பி.ஐ. கேட்டதைவிட நீங்க ஜாஸ்தி கேட்கிறீங்க" என்றிருக்கிறான்.

"எஃப்.பி.ஐ. உன்னை மறுபடி பார்க்கப் போவதில்லை. நான் டோனட் கடையில் பார்ப்பேன்" என்றாராம் பெரியவர்.

நாலு நிமிஷத்தில் பதில் வந்தது. பெட்டியைக் கொடுத்தார். "துடைக்கிற செட் ஒன்று வேண்டியிருக்கும். என்னிடம் இருக்கிறது. 24 டாலர்" என்றும் சொன்னார். நண்பனுக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

"வாங்கினானா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. யோசிச்சுட்டு வரேன்னுட்டான்."